நாதசுர வேகத்தில் இரண்டு அமெரிக்கக் கார்கள்

புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் நாளே இதைக் கேட்டுவிடுகிறீர்கள்: "அண்ணாச்சி, ரெண்டுல எது நல்ல வண்டி? பிளிமத்தா, இம்பாலாவா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இம்பாலாவின் வால் பக்கம் போய் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டிப் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், கேஸ் மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஜாதி. "இவரு செத்தாலும் சுடுகாட்டுக்குப் போற வழியில எந்திரிச்சு வந்து கேஸை மூடிட்டுத்தான் போவாரு" என்பாள் என் மனைவி. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது முதலாளி சால்வை போர்த்தினார், சாவியை வாங்கிக்கொண்டார். கவலையை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார். இப்போதும் தூறல் விழுந்தால், இம்பாலாவின் கூரை மூடியிருக்கிறதா என்று, என்னோடு பிளிமத் ஓட்டிய சசிக்குப் போன் போடுகிறேன். சசி எடுப்பதில்லை.

முதலாளிக்கு ஆரியசாலையில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் என்பது உங்களுக்குத் தெரியும். குடோனுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் அவருடைய அப்பா வாங்கிய இரண்டு கார்கள். நாற்பத்தேழு மாடல் பிளிமத் ஒன்று, ஐம்பத்தொன்பது மாடல் இம்பாலா ஒன்று. இரண்டிலும் கூரையைப் பின்னால் மடித்துவிடலாம் என்பதால் கல்யாண ஊர்வலத்துக்கு நல்ல கிராக்கி. ஷெட்டின் ஒரே குறை வத்தல் நெடி. எத்தனை பன்னீர் தெளித்தாலும் மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் சிரிப்பார்.

பிளிமத் யுத்தம் முடிந்த கையோடு பிறந்தவள். கறுப்பு, உயரம், உருண்டை, உள்ளே இடம் குறைவு. ஆறு சிலிண்டர், ஆறு வோல்ட் பேட்டரி. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, எரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இம்பாலா பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்த ஊர்க்காரர்கள் கையில் காசு புரண்ட காலத்தில் பிறந்தவள். எட்டு சிலிண்டர். கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். பின்னால் பறக்கப்போகிற மாதிரி இரண்டு இறக்கை. நீளத்தைக் கேட்காதீர்கள். ஓட்டுகிறவன் கிழக்கேகோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகும் வால் சாலை பஜாரில்தான் இருக்கும்.

இதைப் படித்தால் யாரும் இம்பாலாவைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம் தொழிலில் வேகத்தை நிர்ணயிப்பவர் நாதசுரக்காரர். அவர் ஒரு அடி வைத்தால் நாமும் ஒரு அடி. அவர் நின்று ஒரு ராகத்தை இழுத்தால் நாமும் நிற்க வேண்டும். இந்த வேகத்துக்கு அமெரிக்காவில் எவனும் வண்டியைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டான். பிளிமத்தை முதல் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுவிட்டால் போதும், பென்ஷன் வாங்கப் போகிற வாத்தியார் மாதிரி தன்பாட்டுக்கு நடப்பாள். இம்பாலாவோ சும்மா விட்டாலே ஓடப் பார்ப்பாள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்க்காற்று இல்லாமல் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

ஆக, ஒருத்திக்கு இடம் கிடையாது, நடக்கத் தெரியும். இன்னொருத்திக்கு இடம் உண்டு, நடக்கத் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

முதல் விலை நான்கு போல்ட். வேலைக்கு வந்த புதிதில் ஆரியசாலைத் தெரு நடுவில் பிளிமத்தின் இடதுபக்க முன்சக்கரம் பஞ்சர். ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. போல்ட்டின் தலையில் 'L' என்று ஆங்கில எழுத்து. எனக்குத் தெரிந்த ஒரே 'L', வண்டி பழகுகிறவன் முன்னால் மாட்டுகிற சிவப்பு எழுத்துதான். எவனோ பழகுகிறவன் முறுக்கிய போல்ட், அதுதான் இப்படி இறுகிக் கிடக்கிறது என்று முடிவுகட்டினேன். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். டப் என்று தலை முறிந்தது. அடுத்ததிலும் குதித்தேன். அதுவும் முறிந்தது.

அதற்குள் மூட்டை இறக்குகிற சுமட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரு ஆள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி, "அண்ணாச்சி, திரிச்சு கறக்கு" என்றார். மலையாளத்தில் திரிச்சு என்றால் எதிர்ப்பக்கமாக, கறக்கு என்றால் சுற்று. அப்போதுதான் கோட்டாறிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்திருந்த எனக்குத் தமிழ்க் கறத்தல் மட்டும்தான் தெரியும்.

"எதைக் கறக்கச் சொல்லுதீரு? இது என்ன எருமையா?"

"எருமை வண்டியல்ல அண்ணாச்சி" என்றார் அவர், என்னை ஏற இறங்கப் பார்த்து. தெருவே சிரித்தது. அவர் ஸ்பேனரை வாங்கி, நான் குதித்ததற்கு எதிர்ப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினார். மூன்றாவது போல்ட் வெண்ணெய் மாதிரி கழன்றது. அந்தக் காலத்துப் பிளிமத்தில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை தலைகீழ். சக்கரம் சுற்றுகிற சுற்றில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. 'L' என்றால் ஆங்கிலத்தில் இடது. பழகுகிறவன் நான்தான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆறு மாசம் கழித்து இம்பாலாவின் இடதுபக்கச் சக்கரம் பஞ்சரானது. நான் இப்போது விஷயம் தெரிந்தவன். ஒரு தெரு முழுக்கச் சிரித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் ஆயிற்றே. அமெரிக்கக் கார், இடதுபக்கம், தலைகீழ் மரை என்று, எழுத்து இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. குழாயைச் செருகிக் குதித்தேன். இம்பாலாவுக்கு இரண்டு பக்கமும் சாதாரண மரை. இறுகிக் கிடந்ததை இன்னும் இறுக்கி இரண்டை முறித்தேன்.

முதல் இரண்டையும் முறித்தது அறியாமை. அடுத்த இரண்டையும் முறித்தது அனுபவம். அறியாமைக்காரனாவது பக்கத்து ஆள் சொன்னால் கேட்பான். இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

கரமனை அக்ரஹாரத்தில் ஒரு ஜானவாசம். நம்மில் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, திறந்த காரில் ஏற்றி, நாதசுரத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். அங்கே லக்னப் பத்திரிகை வாசித்துக் கல்யாணத்தை நிச்சயம் செய்வார்கள். ஒரு வண்டி மாப்பிள்ளைக்கு, இன்னொன்று சொந்தக்காரர்களுக்கு; மாப்பிள்ளைக்கு எது என்பதை வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மத்தியானமே போனேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டிரைவர், ஒரு காரியம் பறயணும். வெளியில போகப்படாது. மனசிலாச்சோ?"

"சொல்லுங்கம்மா."

மாமி உள்ளறைக் கதவைத் திறந்தார். கட்டிலில் மாப்பிள்ளை. தொடையிலிருந்து பாதம் வரை வலதுகால் முழுக்க மாவுக்கட்டு.

"மூணு நாளாச்சு. விழிஞ்ஞத்துல புதுத் துறைமுகம் பார்க்கப் போனானாம். கிரேன் பார்க்கணுமாம் கிரேன்! மணல்ல ஸ்கூட்டர் சறுக்கிடுத்து."

"நான் ஓட்டலை, பின்னாலதான் உக்காந்திருந்தேன்" என்றார் மாப்பிள்ளை, தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்கிற குரலில்.

"பெரிய வித்தியாசம்!" என்று மாமி அவரை அடக்கினார்.

விஷயம் இதுதான். பெண்ணுக்கு அப்பா இல்லை, சித்தப்பாதான் எல்லாம். ரிட்டயர்ட் தாசில்தார். சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உடைத்த தேங்காய் அழுகியிருந்தது என்று ஒருமுறை இதே கல்யாணத்தைத் தள்ளி வைத்தவர். கால் ஒடிந்த மாப்பிள்ளையைப் பார்த்தால் இன்னொரு முறை தள்ளுவார். இன்னொரு முறை தள்ளினால் மாப்பிள்ளையின் அப்பா, "வேற பெண் பார்க்கலாம்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ இந்தப் பெண்தான் வேண்டும்.

"லக்னப் பத்திரிகை வாசிக்கற வரைக்கும் தெரியப்படாது. வாசிச்சாச்சுன்னா அப்புறம் காலே இல்லைன்னாலும் அவரால ஒண்ணும் பண்ண முடியாதாக்கும்" என்றார் மாமி. "மண்டப வாசல்ல அவனோட மச்சினன்மார், என் அண்ணா பிள்ளைகள் ரெண்டு பேர், தோள்ல தூக்கிண்டு போயிடுவா. புது ஃபேஷன்னு சொல்லிக்கலாம். நடுவுல அவன் கால் தரையில படப்படாது. வண்டி நிக்கப்படாது. நின்னா எல்லாரும் கிட்ட வந்துடுவா."

பிளிமத்தின் பின்சீட்டில் காலை நீட்ட இடமில்லை, ஏறுகிற படியும் உயரம். ஆனால் நிற்காமல் நடப்பாள். இம்பாலாவில் ஒடிந்த காலை நீட்டி, மேலே பூக்கூடையை வைத்து மறைத்துவிடலாம். ஆனால் அரைமணி நேரம் நாதசுர வேகம் தாங்குவாளா? நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு, காலை மடக்க முடியாது, வண்டியைச் சமாளிக்கலாம் என்று இம்பாலாவைச் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆறு மணிக்குக் கோயில் வாசலிலிருந்து கிளம்பினோம். மாப்பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிய பேன்ட். கால்மேல் செவ்வந்திக் கூடை. குருக்களை வண்டிக்கே வரவழைத்து மாலை போடச் சொல்லிவிட்டார் மாமி. முன்னால் சுசீந்திரம் பக்கத்திலிருந்து வந்த நாதசுரக்காரர், அவருடைய தவில்காரர். பின்னால் நான், எனக்குப் பின்னால் பிளிமத்தில் சசி. தலைக்கு மேல் படமெடுக்கிற குட்டி விமானம் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் சித்தப்பா நடந்து வந்தார். கல்யாணம் பிடித்து வந்தாரா, குற்றம் கண்டுபிடிக்க வந்தாரா என்று சொல்ல முடியாத முகம்.

மாப்பிள்ளை ஏறின உடனே வத்தல் நெடிக்கு ஒரு தும்மல் போட்டார். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொண்ணு போடுடா" என்றார். அவர் போட்டார். இரட்டைத் தும்மல் நல்லதாம். சித்தப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

முதல் தெரு தாண்டியது. இரண்டாம் தெருவில் பாதி தூரம். மண்டபத்தின் சீரியல் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இருநூறு அடி இருக்கும். இம்பாலா இருமினாள். மறுபடி இருமினாள். அப்புறம் சத்தமில்லாமல் அணைந்தாள்.

சாவியைத் திருப்பினேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. இதற்கு ஈரத்துணியைச் சுற்றி, பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். குறைந்தது கால்மணி நேரம். ஏழரைக்குள் நிச்சயம் முடிய வேண்டும் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள். அதைவிட, பானெட்டைத் திறந்து வைத்த வண்டி ஆஸ்பத்திரியில் படுத்த நோயாளி மாதிரி. கூட்டம் கிட்டே வரும். மாப்பிள்ளையை இறக்கச் சொல்வார்கள். தூக்குவதற்கு ஏற்பாடு செய்த மச்சினன்மாரைத் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை தொண்ணூறு கிலோ. அவர்கள் இருவரும் லேப்டாப்புக்கு மேல் எதையும் தூக்கியறியாத ஐ.டி.காரர்கள். வாசல்படி ஏற்றினாலே பெரிய விஷயம்.

இந்த இடத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். உங்களுக்குச் சொல்ல வந்ததும் அதுதான். ஹாரனை லேசாக ஒருமுறை தட்டி, நாதசுரக்காரரைப் பார்த்து, நில்லுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அவர் வாசிப்பதை நிறுத்தாமல் பின்னாலேயே நகர்ந்து வந்தார். தவில் தனியாகப் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்தார்.

"என்னவே, படுத்துட்டாளா?"

"படுத்துட்டா. அண்ணாச்சி, நீங்க இங்கேயே நின்னு வாசிக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"நான் கை காட்டுற வரைக்கும்."

"தோடி போதுமாவே?"

"எது நீளமோ அது."

அவர் எதிரிலிருந்த வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணை மூடி, தோடியை ஆரம்பித்தார். ஊர்வலம் தானாக நின்றது. பாட்டுக் கேட்கிறவர்கள் வட்டமாகக் கூடினார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. வண்டி நின்றால் அபசகுனம். நாதசுரக்காரர் நின்றால் கச்சேரி.

என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு சசி ஓடி வந்தான். "எந்து பற்றி அண்ணாச்சி? மாப்பிள்ளையை பிளிமத்துல மாற்றியாலோ?"

"கால் மடங்காதுடே. நீ பிளிமத்தை முன்னால கொண்டா. கட்டி இழு."

"இழுக்கானோ? ஜானவாசத்தினோ?" அவன் கண் வெளியே வந்துவிட்டது.

"மெதுவா ஓட்டத் தெரிஞ்சவ அவதான். கொண்டா."

என் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு பை இருக்கும். மனைவி அதற்குக் கவலைப் பை என்று பெயர் வைத்திருக்கிறாள். ஈரத்துணி, ஊக்கு, எலுமிச்சம்பழம், குடை, ஃபியூஸ், தலைவலி மாத்திரை, கனமான கயிறு ஒன்று. கயிற்றை எடுத்தேன். சசி பிளிமத்தை நடைபாதை ஓரமாக நுழைத்து முன்னால் கொண்டுவந்தான். "கோலத்துல ஏத்திட்டானே, கட்டேல போறவன்!" என்று ஒரு வாசலிலிருந்து குரல் வந்தது. அது நியாயமான குரல்.

கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், நடுத்தெருவில் ஒரு சாக்குக் கயிறு. ரிப்பேர் என்று அது கத்தியது. நான் தலையில் கை வைத்தேன். மாமி இம்பாலாவின் பக்கவாட்டில் தொங்கிய மல்லிச் சரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். கயிற்றின்மேல் சுற்ற ஆரம்பித்தார்.

"பார்த்துண்டு நிக்கறேளே, அந்தப் பக்கத்துச் சரத்தை அறுங்கோ!"

அறுத்தேன். மல்லிக்கு மேல் செவ்வந்தி, செவ்வந்திக்கு மேல் மருக்கொழுந்து. இரண்டு நிமிஷத்தில் கயிறு காணாமல் போய், இரண்டு கார்களுக்கும் நடுவில் தடிமனான பூமாலை ஒன்று தொங்கியது. சரியாக அப்போது சித்தப்பா தோடியிலிருந்து விழித்துக்கொண்டு வந்தார்.

"என்னது இது? ரெண்டு வண்டியை எதுக்குக் கட்டறேள்?"

பொய் சொல்ல எனக்கு வராது என்பதில்லை, அந்தச் சமயத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"பூச்சங்கிலி. எங்காத்து வழக்கமாக்கும்."

சித்தப்பா பழைய வண்டியைப் பார்த்தார். புதிய வண்டியைப் பார்த்தார். நடுவில் இருந்த பூவைப் பார்த்தார். நான் தெரிந்த சாமி பெயரையெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பழசு முன்னால போறது. புதுசு பின்னால வரது" என்றார் அவர் மெல்ல. "பெரியவா குழந்தைகளைக் கைபிடிச்சு அழைச்சுண்டு போறா. அதானே அர்த்தம்?"

"அதேதான்" என்றார் மாமி.

"நன்னா இருக்கு. முன்னமே பறஞ்சிருக்கப்படாதோ? பெண்ணாத்துப் பக்கத்திலேர்ந்தும் ஒரு சரம் கொண்டு வந்திருப்பேனே!"

சொல்லிவிட்டு, தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி அவரே சங்கிலியில் சுற்றினார். சசி திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். நான் நாதசுரக்காரருக்குக் கை காட்டினேன்.

இனி வந்த இருநூறு அடிதான் என் வாழ்க்கையிலேயே நீளமான தூரம். எஞ்சின் ஓடாத இம்பாலாவில் ஒரு விரலால் சுற்றுகிற ஸ்டியரிங் உரல் மாதிரி கனக்கும். பிரேக்கைக் கல்லை மிதிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பூ அறுந்து கயிறு தெரியும். மிதிக்காவிட்டால் போய் பிளிமத்தின் பின்பக்கத்தில் முட்டுவேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பின்னால் மாப்பிள்ளை, "அண்ணா, ஓகே தானே? ஓகே தானே?" என்று பத்தடிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டு வந்தார். பிளிமத் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, தன்னைவிடப் பெரியவளைக் கட்டி இழுத்துக்கொண்டு, நாதசுரத்துக்கு ஒரு அடி பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். அவளை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அழகி என்று நினைத்தேன்.

மண்டபம் வந்தது. மச்சினன்மார் இரண்டு பேரும் மாப்பிள்ளையைத் தூக்கினார்கள். ஒருவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாசம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். ஏழேகாலுக்கு லக்னப் பத்திரிகை வாசித்தார்கள்.

நானும் சசியும் காபி டம்ளரோடு தூணுக்குப் பின்னால் நின்றோம். பெண்ணைக் கூப்பிட்டு நிச்சயப் புடவைத் தட்டைக் கொடுத்தார்கள். பெண் இடதுகையை நீட்டியது.

"வலதுகை!" என்றார் சித்தப்பா.

பெண் வலதுகையை நீட்ட முயன்றது. பாதியில் முகம் சுளித்தது. முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கைக்குள்ளிருந்து வெள்ளைக் கட்டு ஒரு விரல் அகலம் எட்டிப் பார்த்தது. மாமியின் பார்வை அந்தக் கட்டிலிருந்து மகனின் காலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி கட்டுக்கு வந்தது.

"அண்ணாச்சி" என்றான், காபியோடு கால் கதையையும் என்னிடம் கேட்டு முடித்திருந்த சசி, "ஸ்கூட்டர் ஓடிச்சது ஆ குட்டியாக்கும்."

பின்னாலதான் உக்காந்திருந்தேன் என்று மாப்பிள்ளை மத்தியானமே சொன்னாரே! முன்னால் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாமி நேரே போய், தட்டைத் தன் கையால் தாங்கி, பெண்ணின் இடதுகையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவைப் பார்த்து, "இதுவும் எங்காத்து வழக்கமாக்கும்" என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

மறுநாள் ஷெட்டில் இம்பாலாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம் பெட்ரோல் குழாயில் கல் தெறித்து ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயந்து, நானே அதை உள்பக்கமாக மாற்றி வளைத்திருந்தேன். புகைக்குழாய்க்கு நாலு விரல் பக்கத்தில், அதன் சூட்டிலேயே. யாரோ ஒரு அமெரிக்காக்காரன் கணக்குப் போட்டு வைத்த குழாயைக் கவலைப்பட்டுக் கெடுத்தவன் நான். கயிற்றை எடுத்து வைத்ததும் அதே கவலைதான். ஆகவே கவலைப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கவலை வந்தால் பையில் எதையாவது எடுத்து வையுங்கள். வண்டியில் கை வைக்காதீர்கள்.

இதை முதலாளியிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் இதைப் படித்தால் சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

எது நல்ல வண்டி என்று கேட்டீர்கள். அன்றைக்கு எது நடந்ததோ அது. நாளைக்கு மழை வந்து, பாலத்தில் தண்ணீர் ஏறி, விமானம் பிடிக்க ஓட வேண்டியிருந்தால் எட்டு சிலிண்டர்காரி. அவளிடம் கற்றதை இவளிடம் காட்டாதீர்கள். போல்ட் முறியும்.

போன மாசம் சாலை பஜார் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஊர்வலத்தில் இரண்டு புதுக் கார்கள், நடுவில் பூச்சங்கிலி. இப்போது எல்லா வாடகை வண்டிக்காரர்களும் இதைத் தனிக் கட்டணம் வைத்துச் செய்கிறார்கள் என்று தெரியும். முன்வண்டியில், லீவு போட்டுவிட்டு வாடகை வண்டி ஓட்டப் போன உங்களில் ஒருத்தர். பெயர் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து பக்தியோடு விளக்கினார்.

"ரொம்பப் பழைய ஆசாரம் அண்ணாச்சி. முன்னோருங்க சந்ததியைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறதா ஐதீகம். ராஜா காலத்துலேர்ந்தே உண்டாம்."

குனிந்து பூவை விலக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் ரிப்பன்.

"கயிறு எங்கடே?"

"கயிறு எதுக்கு அண்ணாச்சி? பின்வண்டி தன்னாலதானே ஓடுது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். பழக்கத்தில் பையைக் கொண்டுபோயிருந்தேன். கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதைக் கட்டு. பின்வண்டி எஞ்சினை அணை. அதுதான் ஆசாரம்."